பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல்: ஐந்தரை லட்சம் கேட்கிறார்கள், கட்டலாமா?

கொள்ளிடக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பிரிவை வாசித்துவிட்டுப் போவதோடு சரி, இழை தொடங்குவது இதுதான் முதல்முறை.

அப்பாவுக்கு வயது 61. போன ஆடியில் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் நேரம் கடந்துவிட்டதால் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட முடியவில்லை. இப்போது தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். வலது தோளை லேசாகத் தூக்குவார், ஆனால் கை மடங்கியே இருக்கிறது, விரல் விரியாது. பேச்சு பாதிதான் வருகிறது. சொல்ல நினைத்த சொல் வாய்க்கு வராவிட்டால் இடது கையால் மேசையை ஓங்கித் தட்டுவார்.

மாமா ஒரு தனியார் ஸ்டெம் செல் மையத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அதில் ஸ்டெம் செல் என்ற மூலச் செல்லைப் பிரித்து, முதுகுத்தண்டில் ஊசியாகச் செலுத்துவார்களாம். மூன்று தவணை, மொத்தம் ஐந்தரை லட்சம். "ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சக்கர நாற்காலியில் இருந்தவர்களை எழுந்து நடக்கவைத்த சிகிச்சை" என்று பிரசுரத்தில் போட்டிருக்கிறார்கள். மாமா நிலத்தை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். நான்தான் பத்து நாள் தள்ளிப் போட்டிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரவுசெலவு எழுதியது:

கட்டாதீர்கள்.

அந்த மையத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையா, இல்லை ஆராய்ச்சியா? ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. சிகிச்சை என்றால் பக்கவாதத்துக்கு யார் அங்கீகரித்தது என்று காகிதம் காட்டட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதில் சொல்வார்கள் பாருங்கள், பிழைப்பே அந்த நடுவில்தான்.

(ஓய்வு பெற்ற தணிக்கையாளன். மருத்துவம் தெரியாது, பில் படிக்கத் தெரியும்.)

சும்மாவந்தேன் எழுதியது:

ஸ்டான்ஃபோர்டு என்று போட்டால் போதும், நம் ஊரில் பேனா கூட விற்றுவிடும்.

ஆய்வகஎலி எழுதியது:

ஸ்டான்ஃபோர்டு கதை முழுப் பொய் இல்லை. அதனால்தான் அதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் செல் உயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், மருத்துவர் இல்லை.

ஸ்டான்ஃபோர்டின் நரம்பியல் அறுவை நிபுணர் கேரி ஸ்டைன்பெர்க் தலைமையில் நடந்த சோதனை அது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்திருந்தது. 2016-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 18 பேர். பக்கவாதம் வந்து ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை ஆனவர்கள். 'இனி இவ்வளவுதான்' என்று பொதுவாகக் கைவிடப்படும் கட்டம். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மூளையில் சேதமான இடத்தைச் சுற்றிச் செல்லைச் செலுத்தினார்கள். ஓர் ஆண்டு கழித்து, அசைவுத் திறனை அளக்கும் ஃபூகல்-மேயர் அளவுகோலில் சராசரியாக 11 புள்ளிக்கு மேல் ஏறியிருந்தது. நூறு புள்ளி அளவுகோலில் அது சின்ன விஷயமில்லை. சிலருக்கு உண்மையிலேயே குறிப்பிடத்தக்க மாற்றம். உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

அந்தச் சோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. 18 பேருக்கும் செல் போனது. ஆபத்து இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதை நடத்தினார்கள்.

அடுத்து ஒழுங்கான சோதனை வைத்தார்கள், 163 பேர். ஒரு பகுதியினருக்குச் செல், மற்றவர்களுக்குப் போலி அறுவை. மண்டையில் கருவி வைப்பது வரை எல்லாம் நடக்கும், செல் மட்டும் போகாது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு அளப்பவருக்கும் தெரியாது. 2019 ஜனவரியில் முடிவு வந்தது: அசைவில் பத்துப் புள்ளியோ அதற்கு மேலோ ஏறியவர்களின் விகிதத்தில், செல் போனவர்களுக்கும் போலி அறுவை செய்தவர்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. செல்லைத் தயாரித்த ஜப்பானிய நிறுவனம் சான்பயோவின் பங்கு விலை சரிந்தது.

உங்களுக்கு வந்த பிரசுரத்தில் 2016 இருக்கும். 2019 இருக்காது.

இன்னொன்று. ஸ்டான்ஃபோர்டில் போனது வேறு ஆளின் மஜ்ஜையிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்து, நாட்ச் என்ற மரபணுவின் ஒரு துண்டைத் தற்காலிகமாக ஏற்றி மாற்றிய செல். போன இடம் மூளை. உங்கள் அப்பாவுக்குப் போடப் போவது அவருடைய மஜ்ஜையைச் சுழற்றிப் பிரித்த கலவை. போகிற இடம் முதுகுத்தண்டு. செல்லும் வேறு, பாதையும் வேறு. எந்தக் கணக்கில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள்.

செவ்வந்தி62 எழுதியது:

இந்த மாதிரி இழையில் எழுதவே கூடாது என்று நினைப்பேன். ஆனாலும் எழுதுகிறேன்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த நான்காம் மாதம் இதே சிகிச்சை செய்தோம். வேறு ஊர், வேறு மையம். அங்கேயே தங்கியிருந்தோம். காலையும் மாலையும் பயிற்சி, நடுவில் ஊசி. இரண்டாவது மாதம் டம்ளரைப் பிடித்தார். இப்போது சட்டைப் பட்டனை அவரே போடுகிறார். நானூறு பேர் கட்டுரை எழுதி, அது நடக்கவில்லை என்று எனக்குச் சொல்ல முடியுமா? பணம் போனது எங்கள் பணம். போனதற்கு வருத்தமில்லை.

கொள்ளிடக்கரை தம்பி, இங்கே எல்லோரும் எளிதாக "வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் வீட்டில் படுத்திருப்பது அவர்களுடைய அப்பா இல்லை.

நெல்லைஃபிசியோ எழுதியது:

செவ்வந்தி அம்மா, அவர் டம்ளரைப் பிடித்ததை யாரும் மறுக்க மாட்டார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. பிடிக்க வைத்தது எது என்பதுதான் கேள்வி.

பக்கவாதத்துக்குப் பிறகு முதல் மூன்று, நான்கு மாதம் மூளை தானாகவே வேகமாகத் தேறும் காலம். ஆறாவது மாதம் வரைக்கும் நல்ல மாற்றம் வரும். அதே நாட்களில் காலை, மாலை இரண்டு வேளை பயிற்சி கிடைப்பது இன்னும் பெரிய வாய்ப்பு. எங்கள் துறையில் ஒரு நோயாளிக்கு வாரத்துக்கு மூன்று தடவை முக்கால் மணி நேரம் கொடுப்பதற்குள் மூச்சு முட்டுகிறது. அந்த மையத்தில் ஊசியை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மையத்துக்காரர்களாலும் முடியாது. அவர்கள் அப்படிச் செய்து பார்த்ததே இல்லை.

ஆய்வகஎலி எழுதியது:

மற்றவர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். அதுவும் இந்தியாவிலேயே.

டெல்லி எய்ம்ஸில் டாக்டர் காமேஷ்வர் பிரசாத் தலைமையில் ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சோதனை, 2014-இல் வெளிவந்தது. 120 நோயாளிகள். பாதிப் பேருக்கு அவரவர் மஜ்ஜையிலிருந்து பிரித்த செல், சராசரியாக 28 கோடி, ரத்தக்குழாய் வழியாக. மற்றப் பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். பக்கவாதம் வந்து மூன்று வாரம் கூட ஆகாத நிலையில் பெரும்பாலோருக்குச் செல் போய்விட்டது. அதாவது பலனுக்கு அதிக வாய்ப்புள்ள நேரம்.

ஆறு மாதம் கழித்து, சாப்பிடுவது, குளிப்பது, நடப்பது போன்ற அன்றாட வேலைகளை அளக்கும் பார்த்தெல் மதிப்பெண்: செல் போனவர்களுக்கு 63.1, போகாதவர்களுக்கு 63.6.

பாதுகாப்பில் பிரச்சினை எதுவும் இல்லை. பலனும் இல்லை.

செவ்வந்தி அம்மா, அந்த அறுபது பேரின் குடும்பத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் உங்களைப் போலவேதான் சொல்லியிருப்பார்கள், ஏனென்றால் தேறியவர்கள் அங்கேயும் இருந்தார்கள். செல் போகாத அறுபது பேரிலும் அதே அளவு தேறினார்கள் என்பது, பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

செவ்வந்தி62 எழுதியது:

சரி. நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு இரண்டு வேளைப் பயிற்சி வேறு எங்கே கிடைத்தது? அந்த மையத்தில்தானே கிடைத்தது? பெரிய ஆஸ்பத்திரியில் "வீட்டில் எண்ணெய் தேய்த்துப் பயிற்சி கொடுங்கள்" என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். அதையும் எழுதுங்கள்.

நெல்லைஃபிசியோ எழுதியது:

எழுத வேண்டியதுதான். அது எங்கள் பக்கத்துக் குறை. மறுக்க மாட்டேன்.

மூன்றாமாண்டு எழுதியது:

எம்பிபிஎஸ் படிக்கிறேன். "பாதுகாப்பில் பிரச்சினை இல்லை" என்பதை எல்லா மையத்துக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லத்தான் வந்தேன்.

2016-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒருவரைப் பற்றி வந்தது. 66 வயது, பக்கவாதத்திலிருந்து தேற வேண்டும் என்று சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என மூன்று நாட்டு மையங்களுக்குப் போய் முதுகுத்தண்டு நீரில் ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்டார். பிறகு முதுகில் வலி, கால்கள் செயலிழப்பு, சிறுநீர்க் கட்டுப்பாடு போனது. ஸ்கேன் செய்து பார்த்தால் தண்டுவடத்தில் பெரிய கட்டி. அந்தக் கட்டியின் செல்களை எடுத்து மரபணுச் சோதனை செய்தபோது, பெரும்பாலானவை அவருடைய செல்லே இல்லை. கதிர்வீச்சு கொடுக்க வேண்டியதாயிற்று.

அவருக்கு ஏற்றியதில் கருவிலிருந்து எடுத்த நரம்புச் செல்லும் இருந்தது. அப்பாவுக்கு அவருடைய சொந்த மஜ்ஜைதான் என்றால் இதே மாதிரிக் கட்டி வரும் அபாயம் மிகக் குறைவு. ஆனால் குப்பியில் எழுதியிருப்பதுதான் குப்பிக்குள் இருக்கிறது என்று பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்? தண்டுவடத்தில் ஊசி ஏற்றுவதால் தொற்று, தலைவலி, ரத்தக்கசிவு வரலாம், அது தனிக் கணக்கு. அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாரா? ஊசிக்காக அதை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தினால் இரண்டாவது அடைப்புக்கு வழி திறக்கும். இதை அந்த மையத்தில் யாராவது பேசினார்களா?

கொள்ளிடக்கரை எழுதியது:

அந்த மாத்திரை எடுக்கிறார். யாரும் பேசவில்லை. "அதையெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்றார்கள்.

வரவுசெலவு சார் சொன்ன கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முதலில் பதில் இல்லை. சாயங்காலம் கவுன்சலர் போன் செய்தார், பெண் குரல், ரொம்பப் பணிவு. "சார், இது உங்கள் அப்பாவுடைய சொந்தச் செல், மருந்தே கிடையாது. அதனால் அனுமதி தேவையில்லை" என்றார். பிறகு, "ஜப்பானில் அரசாங்கமே அனுமதி கொடுத்துவிட்டது, இங்கேதான் தாமதம்" என்றும் சொன்னார். கடைசியில், இந்த வாரத்துக்குள் அட்வான்ஸ் கட்டினால் ஒரு தவணைக்குத் தள்ளுபடி என்றார்.

சும்மாவந்தேன் எழுதியது:

ஆடித் தள்ளுபடியா?

வரவுசெலவு எழுதியது:

நான் சொன்ன நடு இதுதான்.

ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-இல் தேசிய ஸ்டெம் செல் ஆராய்ச்சி வழிகாட்டுதலை வெளியிட்டன. ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கு ரத்த ஸ்டெம் செல் மாற்று செய்வது மட்டும்தான் ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்ற எல்லாமே ஆராய்ச்சி. சொந்தச் செல், அடுத்தவர் செல் என்ற வேறுபாடு அங்கே கிடையாது. ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், சி.டி.ஆர்.ஐ என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு வேண்டும், நோயாளியிடம் கட்டணம் கூடாது. 2019-இல் வந்த புதிய மருந்து மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன: அனுமதி பெற்ற சோதனையில் கலந்துகொண்டவருக்கு அதனால் ஏதாவது ஆனால், இலவச சிகிச்சையும் இழப்பீடும் கொடுக்க வேண்டும்.

"செல்லில் பெரிதாக எந்த மாற்றமும் செய்யவில்லை, எடுத்ததைத் திருப்பிப் போடுகிறோம், ஆகவே மருந்துச் சட்டத்தில் வராது" என்ற சந்தில்தான் இந்த மையங்கள் புகுந்து ஓடுகின்றன. அந்தச் சந்தை அடைக்க வேண்டியது அரசாங்கம். உங்கள் வேலை அதில் நுழையாமல் இருப்பது.

செய்ய வேண்டியது: சி.டி.ஆர்.ஐ பதிவு எண் கேளுங்கள். எண் கொடுத்தால் அந்தப் பதிவேட்டின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எண் இருப்பதாலேயே நல்லது என்றும் ஆகாது. உள்ளே போய், நோய் பக்கவாதம்தானா, ஒப்பீட்டுக் குழு இருக்கிறதா, செலவை யார் ஏற்கிறார்கள், நெறிமுறைக் குழு எந்த நிறுவனத்துடையது என்று படியுங்கள். பதிவை வாங்கி வைத்துக்கொண்டு கூடவே பில்லும் போட முயல்பவர்கள் இருப்பார்கள்.

ஒப்புதல் படிவத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். அதில் "முடிவுக்கு உத்தரவாதம் இல்லை, கட்டணம் திரும்பாது" என்று இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் நிலத்துப் பத்திரத்தைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுங்கள்.

ஆய்வகஎலி எழுதியது:

ஜப்பான் பற்றி. அந்தப் பெண் சொன்னதில் பாதி நிஜம், எனவே கவனம்.

பக்கவாதச் சோதனையில் தோற்றதே சான்பயோவின் அந்தச் செல், அதே செல்லுக்கு 2024 ஜூலையில் ஜப்பான் அனுமதி கொடுத்தது. ஆனால் அது விபத்தில் தலையில் அடிபட்டுக் கை கால் செயலிழந்தவர்களுக்கு. பக்கவாதத்துக்கு இல்லை. அதுவும் நிபந்தனையோடு, குறிப்பிட்ட காலத்துக்குத்தான். மேலும் தரவு காட்ட வேண்டும். ஜப்பானில் 2014 முதல் இப்படி ஒரு முறை இருக்கிறது: ஆபத்தில்லை, பலன் இருக்கலாம் என்ற அளவிலேயே சந்தைக்கு விட்டுவிட்டு, பிறகு ஆதாரம் சேர்ப்பது. இதை வெளிநாட்டு விஞ்ஞானிகள் பலர் கடுமையாக விமர்சிக்கிறார்கள். நோயாளியிடமும் காப்பீட்டிடமும் காசு வாங்கிக்கொண்டு சோதனை நடத்துவதுதானே இது என்று. எனக்கும் அதில் உடன்பாடில்லை.

பக்கவாதத்துக்கென்றே ஜப்பானில் நடந்த பெரிய சோதனையும் உண்டு, பெயர் ட்ரெஷர். அதற்கு ஒரு முன்கதை. மல்டிஸ்டெம் என்ற செல்லை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சோதித்தார்கள். 2017-இல் முடிவு வந்தது, மொத்தக் கணக்கில் பலன் இல்லை. ஆனால் தரவைக் கூறுபோட்டுப் பார்த்தபோது, 36 மணி நேரத்துக்குள் செல் போனவர்கள் மட்டும் கொஞ்சம் நன்றாக இருப்பது போல் தெரிந்தது. சரி, அவர்களை மட்டும் வைத்துப் பார்ப்போம் என்று ஜப்பானில் 206 பேர், 18 முதல் 36 மணி நேரத்துக்குள் செல். 90-ஆம் நாள் மிக நன்றாகத் தேறியவர்கள்: செல் போனவர்களில் 11.5 சதவீதம், போலி மருந்து போனவர்களில் 9.8 சதவீதம். வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடிய அளவு. மல்டிஸ்டெம்மைத் தயாரித்த நிறுவனம் 2024 ஜனவரியில் திவால் மனு போட்டது.

தோற்ற சோதனையில் ஒரு மூலையில் தெரிந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த சோதனைக்குப் போனால் அது அணைந்துவிடுவது ஸ்டெம் செல்லில் மட்டும் நடப்பதில்லை. மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெட்டின் மாத்திரை பக்கவாதக் கையை மீட்கும் என்று 2011-இல் 118 பேரை வைத்து பிரான்சில் சொன்னார்கள். மருத்துவர்கள் பலரும் எழுத ஆரம்பித்தார்கள். பிரிட்டனில் 3,127 பேரை வைத்துப் பார்த்தபோது, 2018-இல், ஒன்றுமில்லை என்று முடிந்தது. எலும்பு முறிவு மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.

செவ்வந்தி62 எழுதியது:

அப்படியானால் ஸ்டெம் செல்லே பொய்யா? உலகம் முழுக்க இத்தனை பேர் எதற்கு இதில் வேலை செய்கிறார்கள்?

ஆய்வகஎலி எழுதியது:

பொய் இல்லை அம்மா. அப்படி நினைத்தால் நான் வேலையை விட்டிருப்பேன்.

முதலில் இதை ஆரம்பித்தவர்கள், செத்த நரம்பு செல்லின் இடத்தில் புது செல் போய் உட்காரும் என்று நினைத்தார்கள். மஜ்ஜை செல் அப்படிச் செய்வதில்லை. ரத்தக்குழாய் வழியாக ஏற்றினால் பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கிறது. ஸ்டைன்பெர்க் குழு மூளைக்குள்ளேயே வைத்த செல் கூட விலங்குகளில் சில வாரங்களில் மறைந்துவிட்டது. பலன் ஏதாவது இருந்தால் அது அந்தச் செல் சுரக்கும் பொருட்களால்தான். வீக்கத்தைத் தணிப்பது, சுற்றியுள்ள நரம்புகளைத் தூண்டுவது, இப்படி.

உண்மையிலேயே நரம்பு செல்லாக மாறக்கூடிய செல்லை வைத்து இப்போது சில குழுக்கள் வேலை செய்கின்றன. சூரிச்சில் ஒரு குழு, மனித செல்லைப் பின்னோக்கித் திருப்பி உருவாக்கிய நரம்பு மூலச் செல்லை, பக்கவாதம் ஏற்படுத்திய எலிகளின் மூளையில் ஒரு வாரம் கழித்து வைத்தது. 2025-இல் வெளிவந்தது. ஐந்து வாரம் வரை செல் உயிரோடு இருந்தது, பெரும்பாலானவை நரம்பு செல்லாக மாறின, புது ரத்தக்குழாய்கள் வந்தன, எலியின் நடையும் தேறியது. படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அது எலி. அந்த எலிகளுக்கு, வெளிச் செல்லை எதிர்க்காதபடி நோயெதிர்ப்பு இல்லாமல் வளர்த்த உடம்பு.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலும் கரு மூளையிலிருந்து வளர்த்த செல்லை 11 பேரின் மூளைக்குள் வைத்துப் பார்த்தார்கள், 2016-இல் வெளியானது. ஆபத்து இல்லை, கொஞ்சம் முன்னேற்றம். அடுத்த கட்டத்தில் 23 பேர். மூன்றாம் மாதம் கையில் எதிர்பார்த்த அளவு முன்னேறியவர் ஒரே ஒருவர்.

இதுதான் இன்றைய நிலை.

நெல்லைஃபிசியோ எழுதியது:

இழை முழுக்க "வேண்டாம்" என்றே போகிறது. கொள்ளிடக்கரை தம்பிக்கு நாளைக்குக் காலையில் செய்ய ஏதாவது வேண்டுமே.

பேச்சைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். இரண்டாவது தடவை வந்தால் இதுவரை தேறியதெல்லாம் போய்விடும்.

கைக்கு, உலகத்தில் நன்றாகச் சோதிக்கப்பட்ட பயிற்சி, நல்ல கையைக் கட்டிப்போட்டுக் கெட்ட கையை வேலை வாங்குவது. 2006-இல் அமெரிக்காவில் 222 பேரை வைத்துச் செய்த எக்ஸைட் சோதனையில் இரண்டு வாரம் இப்படிச் செய்ததற்கு ஓர் ஆண்டு கழித்தும் பலன் தெரிந்தது. ஆனால் அப்பாவுக்கு இப்போதைக்கு இது ஒத்துவராது. மணிக்கட்டையும் விரலையும் கொஞ்சமாவது தானே நிமிர்த்த முடிந்தவர்களுக்குத்தான். விரியாத கைக்கு இதைச் செய்தால் மனுஷன் நொந்துபோவார்.

அவருக்கு இரண்டு விஷயம். ஒன்று, இறுக்கம். அரசு மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் பிரிவிலோ உடல் மறுவாழ்வுப் பிரிவிலோ காட்டி, இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி பொருந்துமா என்று கேளுங்கள். அது கையை ஓட வைக்காது, விரலைத் திறக்க வைக்கும். திறந்தால்தான் நகம் வெட்டலாம், உள்ளங்கை புண்ணாகாது, பயிற்சியும் செய்யலாம்.

இன்னொன்று கண்ணாடிப் பயிற்சி. இதைக் கண்டுபிடித்தவர் நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். கை போனவர்களுக்கு, இல்லாத கையில் வரும் வலிக்காகக் கண்டுபிடித்தது. 1999-இல் அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒன்பது பக்கவாத நோயாளிகளுக்குச் செய்து பார்த்தார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் சோதித்தாயிற்று, அசைவில் மிதமான பலன் உண்டு. கண்ணாடிக் கடையில் ஓரம் மழுக்கிய இரண்டடிக் கண்ணாடி வாங்குங்கள். மேசையில் நெட்டுக்குத்தாக, அவர் நெஞ்சுக்கு நேரே, இரண்டு கைக்கும் நடுவில், முகம் தெரியும் பக்கம் இடது கையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். வலது கை கண்ணாடிக்குப் பின்னால், இடது கை முன்னால். கண்ணாடிக்குள் பார்த்தபடி இடது கையை மெதுவாக விரித்து மூடச் சொல்லுங்கள். வலது கையும் சேர்ந்து செய்வதாக அவர் நினைக்க வேண்டும். மோதிரம், கடிகாரம் இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கண் ஏமாறாது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும்.

தயவுசெய்து வலது கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். தோள் மூட்டு இறங்கி வலி வந்துவிட்டால் அவர் பயிற்சிக்கே வரமாட்டார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே ஃபிசியோ வருவார்கள். 2021-லிருந்து இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். ரத்த அழுத்த மாத்திரையும் அதிலேயே வரும்.

ஆய்வகஎலி எழுதியது:

நெல்லை அண்ணா, தராசு உங்களுக்கும் ஒன்றுதான். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்து, குடும்பத்தாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்யவைக்கும் சோதனை நடந்தது. அட்டெண்ட் என்று பெயர், 2017-இல் வந்தது. ஆறு மாதம் கழித்து வேறுபாடு இல்லை. ஊசிக்கு ஒரு நியாயம், பயிற்சிக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடக் கூடாது.

நெல்லைஃபிசியோ எழுதியது:

நியாயம்தான். எங்கள் கூட்டங்களில் அதை வைத்து இன்னமும் சண்டை நடக்கிறது. என் கணிப்பு, குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு எங்கள் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்பது தோற்றது. மருமகள் சோறாக்கிவிட்டு வந்து கையை நீட்டி மடக்குவதும், பயிற்சி பெற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து நாளுக்கு நாள் மாற்றிக் கொடுப்பதும் ஒன்றாகாது. செவ்வந்தி அம்மாவுக்குத் தாளைக் கொடுத்து அனுப்பினார்களே, அதுவும் இந்த ரகம்தான். அதனால்தான் கொள்ளிடக்கரை தம்பியிடம் ஆள் வரவழைக்கச் சொன்னேன். கண்ணாடியை மட்டும் வாங்கி வைத்துவிட்டு அவ்வளவுதான் என்று இருந்துவிட வேண்டாம்.

வரவுசெலவு எழுதியது:

ஐந்தரை லட்சத்துக்கு நல்ல ஃபிசியோவையும் பேச்சுப் பயிற்சியாளரையும் எத்தனை மாதம் வீட்டுக்கு வரவழைக்கலாம் என்று உள்ளூர் ரேட்டை வைத்து மாமாவையே கணக்குப் போடச் சொல்லுங்கள். "வேண்டாம்" என்றால் கேட்க மாட்டார். கணக்கு என்றால் உட்காருவார்.

கொள்ளிடக்கரை எழுதியது:

கணக்குப் போட்டார். நான்கு தரம் போட்டார். மையத்திடம் சி.டி.ஆர்.ஐ எண்ணும் ஒப்புதல் படிவமும் கேட்டு எழுதினேன், அதற்குப் பிறகு அந்தப் பணிவான குரல் வரவில்லை. மாமா இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "பெரிய ஆஸ்பத்திரி எதிலாவது நிஜமான சோதனை நடந்தால் அதில் சேர்க்கலாமா" என்று கேட்கிறார். பதிவேட்டில் பக்கவாதம் என்று போட்டுத் தேடினேன். வரும் பட்டியலில் பலவற்றுக்குப் பக்கவாதம் வந்து சில நாட்களுக்குள் சேர வேண்டும் என்று இருக்கிறது. அப்பாவுக்குக் காலம் கடந்துவிட்டதா?

ஆய்வகஎலி எழுதியது:

அந்தச் சோதனைகளுக்குக் கடந்துவிட்டது. "நாட்பட்ட பக்கவாதம்" என்று தனியாகத் தேடுங்கள். ஆள் சேர்க்கும் நிலை 'திறந்திருக்கிறது' என்று இருப்பதை மட்டும் பாருங்கள். பொருந்துவது போலிருந்தால் அதில் உள்ள ஆய்வாளரின் தொலைபேசிக்கு நேரே பேசுங்கள், நடுவில் ஏஜெண்ட் வேண்டாம். ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தால் செல் கிடைக்காது என்பதை மாமாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கொள்ளிடக்கரை எழுதியது:

சொல்கிறேன். மருத்துவக் கல்லூரியில் வியாழக்கிழமை நரம்பியல் ஓபி, அப்பாவைக் கூட்டிப் போகிறேன். நெல்லை அண்ணா, கண்ணாடி வாங்கியாயிற்று. ஒரு சந்தேகம்: செய்யும்போது அப்பா கண்ணாடியைப் பார்க்காமல் பின்னால் இருக்கும் கையை எட்டி எட்டிப் பார்க்கிறார்.

நெல்லைஃபிசியோ எழுதியது:

எல்லோரும் அப்படித்தான். வலது கை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுங்கள், கண்ணாடியை அவர் பக்கம் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். முதல் வாரம் ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்துச் செய்யுங்கள். தலை சுற்றுகிறது என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஓபிக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டு, பழைய எம்ஆர்ஐ படம் இரண்டையும் எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.